மூணாவது மாடி ஃப்ளாட்ல ஆர்எக்ஸ் 100 இன்ஜின் பிரிக்கலாமா?

கேள்வி: அப்பா ஓட்டின யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ரொம்ப நாளா நிக்குது, இன்ஜினை நானே பிரிச்சு சரி பண்ணணும்னு ஆசை. இருக்கிறது பெங்களூருல மூணாவது மாடி, வாடகை 2 பிஹெச்கே. வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை, அம்மாவுக்கு வீசிங். கிச்சனுக்குப் பின்னாடி யுட்டிலிட்டி (துணி, பாத்திரம் கழுவுற இடம்) இருக்கு, ஹால் பக்கம் பால்கனி இருக்கு. மனைவி வேண்டவே வேண்டாம்ங்கறாங்க. வீட்டுக்குள்ள வச்சு இந்த வேலை பண்றது சரியா?

தம்பி, பண்ணலாம். ஆனா முழு இன்ஜினையும் இறக்கி லிஃப்ட்ல ஏத்தி மேல கொண்டு வரணும்ங்கற எண்ணத்தை மட்டும் விட்ருங்க, அதுக்குத் தேவையே இல்ல. நான் பீன்யால மெஷின் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், குடியிருக்கிறது அல்சூர்ல அப்பார்ட்மென்ட்லதான், டூ ஸ்ட்ரோக் வண்டி வேலையெல்லாம் குடும்பத்தோட இருந்துக்கிட்டேதான் பண்ணிட்டு வரேன். நான் கறாரா வச்சிருக்கிறது ஒண்ணுதான்: இரும்பு வீட்டுக்குள்ள வரலாம், ஈரம் வரக்கூடாது. ஈரம்னா பெட்ரோல், கியர் ஆயில், டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பெட்ரோலோட சேந்து எரியற ஆயில்), டீசல், ஸ்ப்ரே கேன்ல வர்ற க்ளீனர் எல்லாமே, பார்ட்ல தடவுற ரெண்டு சொட்டு ஆயில் மட்டும் விதிவிலக்கு. கீழ பார்க்கிங்லயே வடிச்சு, கழுவி, துடைச்சு, காய வச்சு, கவர்ல போட்டு மேல கொண்டு வந்த பார்ட்டால வீட்டுல யாருக்கும் தொந்தரவு கிடையாது.

பெட்ரோலைப் பத்தி முதல்ல சொல்லிடறேன், ஏன்னா மத்ததெல்லாம் அழுக்கோட போயிடும், இது உயிர் சமாச்சாரம். பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், மேல எழும்பாது, தரையோட படிஞ்சு நகரும், கதவுக்கு அடில இருக்கிற சந்துல நுழைஞ்சு அடுத்த ரூமுக்குப் போகும். காத்துல 1.4 சதவீதம் கலந்திருந்தாலே பத்திக்கப் போதும், அதுவும் மைனஸ் 40 டிகிரி குளிர்லயே தீப்பிடிக்கிற அளவு ஆவி விடுற சாமான் அது. நீங்க கிண்ணத்துல ஊத்தி கார்புரேட்டரைக் கழுவுற இடத்துல நெருப்பு இல்லாம இருக்கலாம், ஆனா ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர் ஆன் ஆகுறப்ப பின்னாடி ரிலேல சின்னதா ஒரு பொறி வரலாம், பூஜை ரூம்ல அம்மா விளக்கு ஏத்தியிருப்பாங்க, யாராவது வந்து சுவிட்சைத் தட்டுவாங்க, எல்லாம் நீங்க உக்காந்திருக்கிற இடத்துல இருந்து பத்தடி தள்ளித்தான். ஆபத்து அங்கதான் இருக்கு.

பெங்களூர் ஃப்ளாட்ல எல்லாருக்கும் முதல்ல தோணுற இடம் யுட்டிலிட்டிதான், தண்ணி இருக்கு, டிரெயின் இருக்கு, டைல்ஸ் கறையானாலும் வர்றவங்க கண்ணுல படாது. ஆனா அங்கதான் கேஸ் சிலிண்டர் நிக்கும், நெறைய வீட்டுல கேஸ் கீசரும் அங்கதான் மாட்டியிருக்கும். அதைவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, கிச்சன்ல சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடுறப்ப அது வெளிய தள்ளுற காத்துக்கு ஈடா யுட்டிலிட்டி கதவு வழியாத்தான் காத்து உள்ள வரும், அப்ப நீங்க அங்க திறந்து வச்சிருக்கிற பெட்ரோலோட ஆவியும் சேந்து எரியற அடுப்புப் பக்கம் இழுபடும். அதனால யுட்டிலிட்டி இந்த வேலைக்கு இல்லவே இல்ல, நான் இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அலுக்காம திரும்பச் சொல்லுவேன்.

பால்கனி பரவால்ல, ஆனா அது எந்தப் பக்கம் பாத்ததுன்னு பாருங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இங்க காத்து மேற்குல இருந்துதான் தள்ளும், மேற்கு பாத்த பால்கனின்னா அங்க அடிக்கிற ஸ்ப்ரே எல்லாம் ஹாலுக்குள்ளதான் வந்து விழும். வேலைக்கு முன்னாடி ஒரு ஊதுபத்தி கொளுத்தி பால்கனில பிடிச்சுப் பாருங்க, புகை வீட்டுக்குள்ள திரும்பினா அன்னிக்கு அங்க க்ளீனர் வேலை கிடையாது, பாத்துட்டு ஊதுபத்தியைத் தண்ணில முக்கி அணைச்சுட்டுத்தான் அடுத்த வேலை. கார்ப் க்ளீனர்ல அசிட்டோன், டொலுயீன், சைலீன் மாதிரி சரக்குதான் பெரும்பாலும் இருக்கும், நமக்கு தலைவலியோட போற வாசனை வீசிங் இருக்கிறவங்களுக்கு ராத்திரி மூச்சிரைப்பா வந்து நிக்கும். என்னைக் கேட்டா உங்க வீட்டு நிலைமைக்கு க்ளீனர் கேனை மூணாவது மாடிக்கே ஏத்த வேண்டாம்.

இப்ப கீழ என்ன பண்ணணும்னு சொல்றேன். ஆர்எக்ஸ் 100ல ஒரு பெரிய வசதி, ஹெட் (மேல் மூடி), போர் (பிஸ்டன் உள்ள ஏறி இறங்குற சிலிண்டர்), பிஸ்டன் இந்த மேல் பாகம் முழுக்க இன்ஜின் ஃப்ரேம்லயே இருக்கிறப்பவே கழட்டிடலாம், டேங்க்கையும் சைலன்சரையும் கார்புரேட்டரையும் எடுத்தா கைக்கு நல்லா இடம் கிடைக்கும். அதுக்கு முன்னாடி இன்ஜினைச் சுத்தி ஒட்டியிருக்கிற மண்ணு ஆயில் பிசுக்கு எல்லாம் போகணும், இல்லன்னா ஹெட்டைத் தூக்குன நிமிஷம் அதெல்லாம் இன்ஜினோட அடிப்பாகமான கிராங்க் கேசுக்குள்ளதான் விழும். அப்பார்ட்மென்ட் பைப்புல பிடிச்சு அடிக்காதீங்க, 2024 மார்ச்ல தண்ணித் தட்டுப்பாடு வந்தப்ப குடிதண்ணியில வண்டி கழுவுனா 5,000 ரூபாய் ஃபைன்னு வாட்டர் போர்டு போட்டது ஞாபகம் இருக்கும், அது ஒருபக்கம் இருக்க அந்த ஆயில் தண்ணி போற இடமும் பிரச்சனைதான், பின்னாடி சொல்றேன். வண்டியைத் தள்ளிட்டுப் போய் ஒரு வாட்டர் வாஷ் கடைல கொடுத்துட்டு வாங்க, பாதி அழுக்கு வேலை அங்கயே முடிஞ்சுது.

டேங்க்ல இருக்கிற பழைய பெட்ரோலை வெளிச்சத்துல, திறந்த வெளில, மூடி இருக்கிற கேன்ல இறக்குங்க, கார்புரேட்டர் அடிக் கிண்ணத்துலயும் கொஞ்சம் நிக்கும், அதையும் வடிங்க. காலியான டேங்க்தானேன்னு மேல கொண்டு வந்து லாஃப்ட்ல போட்டுறாதீங்க, காலி டேங்க் முழுக்க ஆவிதான் இருக்கும், நெறஞ்ச டேங்க்கை விட அதுதான் மோசம். கியர் ஆயில் அரை லிட்டருக்கு மேல வரும், அது மேல் பாக வேலைக்கு வடிக்கவே வேண்டாம். வண்டிக்கு அடில பழைய ஃப்ளெக்ஸ் ஒண்ணு, அதுக்கு மேல ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிப் போடுங்க, பார்க்கிங் தரைல ஒரு சொட்டு விழலன்னா அசோசியேஷன்ல யாரும் வாய் திறக்க மாட்டாங்க. முன்கூட்டியே செகரட்டரிகிட்டயும் வாட்ச்மேன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. சுத்தியல் வேலையை பகல்ல வச்சுக்குங்க, ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 வரைக்கும் சத்தத்துக்கு சட்டப்படியே கட்டுப்பாடு இருக்கு.

போரை மேல உருவுறப்ப ஒரு விஷயம், இங்க அவசரமே படக்கூடாது. போர் பிஸ்டனை விட்டு முழுசா வர்றதுக்கு முன்னாடியே, கொஞ்சம் மேல வந்த உடனே, சுத்தமான பனியன் துணியை, பிஸ்டனை அடியில பிடிச்சிருக்கிற கனெக்டிங் ராடைச் சுத்தி கிராங்க் கேஸ் வாய்ல நல்லா திணிச்சுருங்க, பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் உடைஞ்சிருந்தா அந்தத் துண்டு துணிலதான் விழும். அப்புறம் பிஸ்டன் பின்னைப் பிடிச்சிருக்கிற சர்க்ளிப். மூக்கு பிளையர் முனையை வச்சு அதோட ஒரு நுனியை உள்பக்கமா தள்ளி நெம்புறப்ப ஸ்பிரிங் மாதிரி தெறிக்கும், கண்ணுக்கும் தெரியாது சத்தமும் கேக்காது, அதனால இடது கையால பிஸ்டனோட சேத்து ஒரு பிளாஸ்டிக் கவரைப் பொத்திக்கிட்டு அதுக்குள்ளயே வெளிய எடுங்க. கழட்டின சர்க்ளிப்பைத் திரும்ப மாட்டக்கூடாது, புதுசு சில்லறைக் காசுதான். திரும்பப் பூட்டுறப்ப ஒவ்வொரு ரிங்கோட வாயும் பிஸ்டன் பள்ளத்துல இருக்கிற சின்ன பின் மேல சரியா உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பாத்துட்டுத்தான் போரை இறக்கணும், கொஞ்சம் தள்ளி உக்காந்திருந்தாலும் போரை இறக்குற வேகத்துல ரிங் ஒடியும்.

பிஸ்டன் வெளிய வந்ததும் கனெக்டிங் ராடை ரெண்டு விரலால பிடிச்சு நேரா மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடுறது சகஜம், மேல கீழ டக் டக்குன்னு ஆட்டம் இருந்தா ராடோட அடி முனைல இருக்கிற பிக் எண்ட் பேரிங் போச்சுன்னு அர்த்தம். அதே மாதிரி கியர் ஆயில் குறைஞ்சுக்கிட்டே வந்து சைலன்சர்ல வெள்ளைப் புகையா தள்ளிட்டிருந்ததுன்னா கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கலாம். ஆட்டம் இருந்தா இன்ஜினை இறக்கி ரெண்டா பிளக்கணும், கிராங்க்கைப் பிரிச்சு சேக்க ஹைட்ராலிக் பிரஸ் வேணும், நேர்ப்படுத்துறதுக்கு டயல் கேஜ் வேணும், அது வீட்டு வேலையே இல்ல தம்பி, நல்ல கை உள்ள மெக்கானிக்கிட்ட கொடுத்துருங்க. வீட்டு கேஸ் அடுப்புல கிராங்க் கேசை வாட்டி பேரிங் தட்டி எடுக்கிறதை எல்லாம் வீடியோல பாத்திருப்பீங்க, மூலைல ஊறியிருக்கிற ஆயில் புகைஞ்சு கிச்சன் முழுக்க படியும், சாப்பாட்டுல அந்த வாசனை வாரக்கணக்குல போகாது.

சரி, மேல எது வரலாம்? ஹெட், பிஸ்டன், கார்புரேட்டர், போர், எல்லாம் கீழயே டீசல்ல பிரஷ் போட்டு கழுவி, பனியன் வேஸ்ட்ல துடைச்சு, வெயில்ல ஆற வச்சது. பால்கனில ஒரு பெரிய பிளாஸ்டிக் ட்ரே, அதுல பேப்பர், நைட்ரைல் கிளவுஸ். சாதாரண ரப்பர் கிளவுஸ் ஆயில்லயும் பெட்ரோல்லயும் ஊதி கிழிஞ்சிரும். பிஸ்டன் தலைல இருக்கிற கரியை ஸ்க்ரூ டிரைவரால சுரண்டாதீங்க, அலுமினியத்துல கோடு விழும், மூங்கில் பட்டையோ பழைய டெபிட் கார்டோ போதும், லேசா ஆயில் தொட்டுக்கிட்டு சுரண்டினா கரித்தூள் பறக்காம பசையா வரும். அந்தத் தூள் குழந்தை விளையாடுற தரைக்குப் போகக்கூடாது, சுரண்டின பேப்பரை அப்படியே மடிச்சுக் கட்டிருங்க, விளக்குமாறு போட்டுக் கூட்டாதீங்க. தப்பித் தவறி டைல்ஸ்ல ஆயில் சொட்டினா உடனே துணியால தேய்க்காம கோலமாவைத் தூவி அது இழுக்கிற வரைக்கும் விட்டு அள்ளுங்க, தேய்ச்சா டைல்ஸ் ஜாயின்ட்டுக்குள்ள இறங்கிரும், அப்புறம் வீட்டைக் காலி பண்றப்ப ஓனர் அட்வான்ஸ்ல கை வைப்பார்.

கிச்சன் பாத்திரம் ஒண்ணைக்கூட தொடாதீங்க. பழைய அஞ்சறைப்பெட்டி நட்டு போல்ட்டு போட ரொம்ப சௌகரியம், எடுத்துக்கலாம், ஆனா எடுத்தது திரும்ப கிச்சனுக்குப் போகக்கூடாது, அதை அன்னிக்கே பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு அடையாளம் பண்ணிருங்க. ஆயில் துணியை வீட்டுத் துணியோட வாஷிங் மெஷின்ல போடவே கூடாது, பெட்ரோல் ஊறுன துணின்னா டிரம்முக்குள்ள ஆவி சேந்து வெடிக்கவே வாய்ப்பிருக்கு. வேலை பண்ற சட்டை பேன்ட் கீழயே ஒரு பையில இருக்கட்டும்.

குழந்தை விஷயத்துல ரெண்டே ரெண்டு சொல்றேன், ரெண்டும் கட்டாயம். டீசல், கெரசின், ஆயில் எதையும் தண்ணி பாட்டில்லயோ ஜூஸ் பாட்டில்லயோ ஊத்தி வைக்காதீங்க, ஒரு ராத்திரிக்குன்னாலும் வேண்டாம். ஒருவேளை குழந்தை குடிச்சிருச்சுன்னா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, வாந்தியில அது நுரையீரலுக்குப் போறதுதான் உயிருக்கு ஆபத்து, நேரா ஆஸ்பத்திரி, பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. இன்னொண்ணு சின்ன சாமான், சர்க்ளிப், பேரிங் குண்டு, கார்புரேட்டர் ஜெட், இதெல்லாம் வாய்க்குப் போற சைஸ், கழட்டக் கழட்ட ஜிப் கவர்ல போட்டு பேர் எழுதி மூடுங்க. ஏபிசி பவுடர் ஃபயர் எக்ஸ்டிங்விஷர் சின்னது ஒண்ணு வாங்குங்க, எஸ்.பி. ரோடுல கிடைக்கும், அதை வேலை நடக்குற இடத்துக்குப் பின்னாடி வைக்காம நீங்க வெளிய ஓடுற வழில வைங்க. பெட்ரோல் தீல தண்ணி ஊத்தினா தீ மிதந்து பரவும்.

உங்க மனைவி வேண்டாம்ங்கறதுல நியாயம் இருக்கு, அதை முதல்ல ஒத்துக்கிட்டு அப்புறம் பேசுங்க. நான் பாத்த வரைக்கும் வீட்டு ஆளுங்களுக்கு அழுக்கு மேல அவ்வளவு கோவம் இல்ல, இது என்னைக்கு முடியும்னு தெரியாம நடுவீட்டுல கிடக்குறதுதான் தாங்க முடியாதது. அதனால இடம் எது, நேரம் எதுன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க, நீங்க அதுக்குக் கட்டுப்படுங்க. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் க்ரேட் ஒண்ணு வாங்கி, மேல வந்த சாமான் எல்லாம் தினம் ராத்திரி அதுக்குள்ள போய் மூடி லாஃப்ட்டுக்கு ஏறணும், காலைல பால்கனில துணி காயப்போட வர்றவங்க கண்ணுல ஒரு நட்டுகூட படக்கூடாது. க்ரேட்ல அடங்காதது எதுவும் மேல வரக்கூடாதுன்னு வச்சுக்கிட்டா வேலை தானா அளவா இருக்கும். அப்பா வண்டி உங்களுக்கு எவ்வளவு முக்கியமோ அவங்களுக்கு அந்த வீட்டுல நிம்மதியா நடமாடுறது அவ்வளவு முக்கியம், இதை நான் ரொம்ப மனசார சொல்றேன்.

நடுவுல வேலை நிக்கிறது பெரும்பாலும் லேத் கடைலதான். போரை மட்டும் கொண்டு போய்க் கொடுத்தா போதாது, முதல்ல அளந்து பாத்து ஜே.சி. ரோடுலயோ கலாசிபாளையத்துலயோ பிஸ்டன் கிட் வாங்கி, அந்தப் பிஸ்டனையும் சேத்துக் கொடுக்கணும், கைல இருக்கிற பிஸ்டனை அளந்துதான் போர் போடுவாங்க, அதாவது உள்சுவரைக் கடைஞ்சு பெருசாக்குவாங்க. இது 50 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், கணக்குப் போட்டா 98 சிசி வரும், ஓவர்சைஸ் பிஸ்டன் (கடைஞ்ச போருக்கு ஏத்த பெரிய பிஸ்டன்) 0.25 மில்லிமீட்டரா ஏறும். 1996லயே இந்த மாடல் தயாரிக்கிறது நின்னு போச்சு, அதனால கடைல டப்பாவைப் பாத்து ஏமாறாம பிஸ்டனை வெளிய எடுத்து பின் ஓட்டை, ரிங் பள்ளம் எல்லாம் சுத்தமா கடைஞ்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. லேத்ல இருந்து வந்த போரை பெட்ரோல்ல கழுவுறதுதான் நெறைய பேர் பண்றது, அது சரியில்ல. ஹோனிங் பண்றப்ப, அதாவது போர் உள்சுவரைக் கல்லால தேய்க்கிறப்ப, வர்ற உப்புத்தூள் மாதிரி சாமான் அங்க விழற கோடுகளுக்குள்ள ஒட்டியிருக்கும், பெட்ரோல் ஆயிலைத்தான் எடுக்கும், தூள் அங்கயே நிக்கும். சுடுதண்ணி, துணி சோப்புத்தூள், ஒரு பிரஷ், நல்லா நுரை வர தேய்ச்சுக் கழுவி, வெள்ளைத் துணியை உள்ள விட்டுத் துடைச்சுப் பாருங்க, துணி சாம்பல் நிறமா வந்தா திரும்பக் கழுவுங்க, துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும். வெள்ளையா வந்த அடுத்த நிமிஷமே காய வச்சு டூ டி ஆயில் தடவணும், வார்ப்பிரும்பு கண்ணு முன்னாடியே செம்பழுப்பா துரு பூக்கும். இந்த ஒரு வேலையை வீட்டு பாத்ரூம்லயே பண்ணலாம், வாசனையும் இல்ல ஆபத்தும் இல்ல.

கழிவு ஆயிலைப் பத்தி. உங்க அப்பார்ட்மென்ட்ல எஸ்டிபி (கழிவுநீரைச் சுத்தம் பண்ற ப்ளாண்ட்) இருந்தா பாத்ரூம்ல ஊத்துற ஆயிலும் டீசலும் நேரா அங்கதான் போகும், அங்க கழிவைச் சுத்தம் பண்றது பாக்டீரியாதான், ஆயில் போனா அது சாகும், ப்ளாண்ட் நாறும், மொத்த பில்டிங்கும் அனுபவிக்கும். ரோட்டோர மழைநீர்க் கால்வாய்ல ஊத்தினா ஏரிக்குப் போகும். பெள்ளந்தூர் ஏரி 2015ல நுரையோட எரிஞ்சதையும், 2017, 2018ல திரும்பத் தீப்பிடிச்சதையும் பாத்த ஊர் இது, நம்ம கையால இன்னும் ஒரு டம்ளர் சேக்க வேண்டாம். மூடி இறுகுற கேன்ல பிடிச்சு, பேர் எழுதி, கழிவு ஆயில் பேரல் வச்சிருக்கிற சர்வீஸ் சென்டர்ல கொடுங்க, மறுசுத்திகரிப்புக்கு எடுக்குறவங்க அங்க வந்து எடுப்பாங்க. பெட்ரோல் டீசல் துடைச்ச துணியை உருண்டையா சுருட்டி மூலைல போடாம கீழ வெளில விரிச்சுக் காய விடுங்க.

இதே ஆர்வத்துல மத்த வேலைக்கும் கை போகும், அதுக்கும் சொல்லிடறேன். மிக்ஸி, ஃபேன், சைக்கிள், வாஷிங் மெஷின் எல்லாம் ப்ளக்கைப் பிடுங்கிட்டு, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டு வீட்டுலயே பாக்கலாம். மைக்ரோவேவ் திறக்காதீங்க, ப்ளக் எடுத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ள நிக்கலாம். மின்சார ஸ்கூட்டர் பேட்டரியும் வேண்டாம். பிரேக் டிரம்ல சேந்திருக்கிற தூளை வாயால ஊதாதீங்க, பழைய பிரேக் ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால துடைங்க. துரு எடுக்க டாய்லெட் ஆசிட்ல ஊற வைக்கிறது வேண்டாம், அந்த ஆவி பக்கத்துல இருக்கிற ஸ்பேனரெல்லாம் துருப்பிடிக்க வைக்கும். எவர்சில்வர் கரண்டியை வயர்ல கட்டி கரண்ட் விட்டு துரு எடுக்கிறது அதைவிட மோசம், க்ரோமியம் விஷமா தண்ணில இறங்கும். டேங்க்ல இருக்கிற பழைய பெயிண்ட்டை வீட்டுக்குள்ள உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, குழந்தை இருக்கிற வீட்டுல ஈயத்தூள் வேண்டாம். வீட்டுப் பெயிண்ட்டுக்கே ஈயக் கட்டுப்பாடு 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது, உங்க டேங்க் பெயிண்ட் அதுக்கு எத்தனையோ வருஷம் முந்தினது.

ஒரு சனிக்கிழமை காலைல கீழ ஆரம்பிங்க. ஹெட்டைத் தூக்கினதும் பிஸ்டன் தலைல கரியை லேசா துடைச்சுப் பாத்தா நம்பர் அடிச்சிருக்கும். 0.25, 0.50, 0.75ன்னு ஏதாவது இருந்தா ஏற்கனவே போர் போட்ட வண்டி, 1.00ன்னு இருந்தா அடுத்த சைஸ் கிடைக்கிறது கஷ்டம், போருக்குள்ள புதுசா ஒரு இரும்புக் குழாய், ஸ்லீவ்னு சொல்லுவாங்க, அதைத்தான் போடணும். அந்த நம்பரையும் ராட்ல மேல கீழ ஆட்டம் இருக்கா இல்லையாங்கறதையும் எழுதுங்க, ஃபோட்டோவும் போடுங்க, லேத்ல என்ன சொல்லிக் கொடுக்கணும்னு நான் சொல்றேன்.